ஒரு பென்னியின் கதை – 4
நாற்பத்திரண்டில் முப்பத்தொன்பது

1919 நவம்பர் 1, சனிக்கிழமை. லண்டனின் 28 பரோக்களிலும் (நகராட்சிப் பகுதிகளிலும்) அன்று கவுன்சில் தேர்தல். கிழக்கு லண்டனின் கோடியில், தேம்ஸ் நதி தெற்கேயும் லீ ஆறு கிழக்கேயும் வளைத்துக்கொண்ட பாப்ளர் பரோவில் மொத்தம் 42 இடங்கள். எண்ணி முடித்தபோது அவற்றில் 39 இடங்கள் தொழிற்கட்சிக்குப் போயிருந்தன. மீதி இருந்தவர்கள் மூன்றே பேர்.

லண்டன் நகரில் இப்படி ஒரு மன்றம் அமைவது அரிது. கப்பல் சரக்கு இறக்கியவர்களும் ரயில் ஓட்டியவர்களும் கடிதம் பட்டுவாடா செய்தவர்களும் ஒரே நாளில் ஒரு பரோவின் கருவூலத்துக்குப் பொறுப்பாளிகள் ஆனார்கள். அந்தக் கருவூலத்தில் என்ன இருந்தது என்பதுதான் அடுத்த ஒன்றரை ஆண்டுக் கதை.

முந்தைய பகுதிகளின் சுருக்கம்: பாப்ளரை வளர்த்தவை கப்பல் துறைகள். சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் போய்வந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நங்கூரமிட்ட பிளாக்வால் இங்குதான் இருக்கிறது. 1806இல் திறந்த கிழக்கிந்தியத் துறைமுகமும் இங்குதான் இருந்தது. 1888இல் போ பகுதியின் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் சுமார் 1,400 பேர் வேலையை நிறுத்தினார்கள். அவர்களின் கூலியையும் அபராதங்களையும் எழுதி வெளியே கொண்டுவந்தவர், பின்னாளில் அடையாறைத் தம் வீடாக்கிக்கொண்ட அன்னி பெசன்ட். அடுத்த ஆண்டே துறைமுகத் தொழிலாளர்கள் மணிக்கு ஆறு பென்னி கூலி கேட்டு லண்டன் துறைகளை மூடவைத்தார்கள். 1893 வாக்கில் வில் குரூக்ஸும் ஜார்ஜ் லான்ஸ்பரியும் ஏழை நிவாரண வாரியத்துக்குள் நுழைந்து, ஏழையர் விடுதியின் கஞ்சியில் எலிப்புழுக்கை கிடந்ததைக் கண்டார்கள். 1901இல் குரூக்ஸ் பாப்ளரின் மேயரானார். லண்டனுக்கே முதல் தொழிலாளர் மேயர் அவர். ஆனால் மன்றத்தில் பெரும்பான்மை அவரிடம் இல்லை. நாற்காலி கிடைத்தது, கல்லாப்பெட்டியின் சாவி கிடைக்கவில்லை.

* * *

ஏழாண்டுத் தேக்கம்

பரோ கவுன்சில் தேர்தல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரவேண்டும். 1912க்குப் பிறகு 1915இல் வந்திருக்க வேண்டியது, போர் காரணமாகத் தள்ளிப்போனது. 1912இல் தேர்வான மன்றம் 1919 வரை உட்கார்ந்திருந்தது. இறந்தவர்களின், போருக்குப் போனவர்களின் இடங்களை மன்றமே ஆள் பார்த்து நிரப்பிக்கொண்டது.

அந்தப் பழைய மன்றம் வரியைக் கூட்டாமல் வைத்திருப்பதையே நல்ல நிர்வாகம் என்று நம்பியவர்களின் கையில் இருந்தது. வணிகர்களும் வீட்டு உரிமையாளர்களும் ஆலை முதலாளிகளும் கட்சி பேதம் பாராமல் சேர்ந்து நின்ற அணி அது. அவர்களைக் கொடியவர்கள் என்று எழுதிவிட முடியாது; கடைசி மேயர் வில்லியம் லேக்ஸ், பாப்ளரின் ஏழைகளிடையே பல காலம் ஊழியம் செய்த மெதடிஸ்ட் பாதிரியார். குறை அவர்களின் மனத்தில் இருந்ததைவிட அவர்களின் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. மழைநீர் ஒழுகும் வீடும் காசநோயும் அந்தப் புத்தகத்தில் செலவாக ஏறவில்லை.

போர் நடந்த நாலு ஆண்டுகள் பாப்ளரை நேராகவே தாக்கின. 1917 ஜூன் 13 அன்று பகல் நேரத்தில் ஜெர்மன் விமானங்கள் வீசிய குண்டுகளில் ஒன்று அப்பர் நார்த் ஸ்ட்ரீட் பள்ளியின் கூரையைத் துளைத்து, தரைத்தளத்தில் குழந்தைகள் வகுப்பில் வெடித்தது. 18 பிள்ளைகள் இறந்தார்கள். பெரும்பாலோருக்கு ஐந்து வயது. அவர்களின் நினைவுத்தூண் பாப்ளர் பூங்காவில் 1919 ஜூனில் திறக்கப்பட்டது. அதைக் கடந்துதான் அந்த ஆண்டு நவம்பரில் பலர் வாக்களிக்கப் போனார்கள்.

போர்க்காலத்தில் மன்றம் செய்யாத வேலையை வேறு சிலர் செய்தார்கள். சில்வியா பாங்கர்ஸ்டின் பெண்ணுரிமை அமைப்பு ஓல்ட் ஃபோர்ட் பகுதியில் அடக்க விலை உணவகம் நடத்தியது. ‘கன்மேக்கர்ஸ் ஆர்ம்ஸ்’ என்ற மதுக்கடைக் கட்டடத்தை எடுத்து, வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளுக்குக் காப்பகமாக்கி, ‘மதர்ஸ் ஆர்ம்ஸ்’ என்று பெயர் மாற்றியது. துப்பாக்கி செய்பவரின் சின்னம் தாயின் கரமானது. ராணுவ வீரர்களின் மனைவிமாருக்கு வரவேண்டிய படிக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்களும் இந்தப் பெண்கள்தான். எந்தத் தெருவில் எந்த வீட்டில் என்ன குறை என்பது அவர்களுக்கு மனப்பாடம். தேர்தல் வந்தபோது இந்த அறிவு வாக்காளர் பட்டியலைவிடப் பெரிய சொத்தாக இருந்தது.

* * *

பட்டியலில் ஏறியவர்கள்

1918இன் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் என்றாலே நாடாளுமன்ற வாக்கும் முப்பது வயதான பெண்களும் நினைவுக்கு வருவது வழக்கம். பாப்ளரின் கதைக்கு அந்தச் சட்டத்தின் மூன்று சிறிய விதிகள் போதும்.

முதலாவது, வாக்காளராகப் பதிவாக ஒரே இடத்தில் குடியிருக்க வேண்டிய காலம் ஆறு மாதமாகக் குறைந்தது. முன்பு ஓர் ஆண்டுக்கும் மேல் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. துறைமுகத்தில் அன்றாடக் கூலிக்கு நின்றவன் ஒரு வீட்டில் ஓர் ஆண்டு நிலைப்பது அரிது. வேலை கிடைக்காத வாரங்கள் நாலு சேர்ந்தால் வாடகை நின்றுபோகும். தட்டுமுட்டுச் சாமானைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாக அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். வாக்கும் அந்த வண்டியோடு போய்விடும்.

இரண்டாவது, ஏழை நிவாரணம் பெற்றவருக்கு வாக்கில்லை என்ற பழைய தடை நீங்கியது. அதுவரை பசிக்கு ரொட்டி வாங்கிய குற்றத்துக்கு வாக்கைப் பறித்துக்கொண்டிருந்தது சட்டம்.

மூன்றாவது, உள்ளாட்சித் தேர்தலில் வாக்குள்ள ஆணின் மனைவிக்கு, அவள் முப்பது வயது நிரம்பியவளாக இருந்தால், அவளுக்கும் வாக்கு. அதற்கு முன் பெண்களில் பெரும்பாலும் விதவைகளும் தனித்து வாழ்ந்தவர்களுமே உள்ளாட்சியில் வாக்களித்து வந்தார்கள். வாடகையும் பாலும் நிலக்கரியும் யார் தலையில் விடிகின்றனவோ அவர்கள் பட்டியலுக்குள் வந்தார்கள்.

* * *

பதினொரு மாதங்கள்

ஆனாலும் சட்டம் மட்டுமே காரணம் என்றால் ஒரு கேள்வி நிற்கிறது. இதே சட்டத்தின்கீழ் 1918 டிசம்பரில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. போ – பிராம்லி தொகுதியில் லான்ஸ்பரி நின்றார், தோற்றார். பதினொரு மாதத்தில் அதே தெருக்கள் அவரது கட்சியிடம் 39 இடங்களைக் கொடுத்தன. இடையில் நடந்தது என்ன?

டிசம்பரில் வெற்றிக் களிப்பு இருந்தது. போரை எதிர்த்துப் பேசிய லான்ஸ்பரிக்கு அது ஏற்ற காலம் அல்ல. பல ராணுவ வீரர்கள் இன்னும் ஊர் திரும்பவே இல்லை. வீரர்களுக்கு ஏற்ற வீடுகள் கிடைக்கும் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது.

1919இல் வீரர்கள் திரும்பினார்கள். வீடுகள் கட்டப்படவில்லை. ஒரு வீட்டில் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒண்டியிருந்தன. விலைவாசி இறங்குவதற்குப் பதில் ஏறியது. செப்டம்பர் 27 அன்று கூலிக் குறைப்பை எதிர்த்து நாடு முழுவதும் ரயில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஒன்பது நாளில் அரசு இறங்கிவந்தது. பாப்ளர் ரயில் தொழிலாளர்கள் நிறைந்த ஊர். அந்த வெற்றி நடந்து நாலே வாரத்தில் வாக்குப்பதிவு.

இன்னொன்றும் உண்டு. லண்டன் முழுவதும் அன்று வாக்களித்தவர்கள் மிகக் குறைவு. மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. ஊர் திரண்டு எழுந்து ஆட்சியை மாற்றியது என்று சொல்ல இந்தக் கணக்கு இடம் தரவில்லை. அமைப்பு இருந்தவர்கள் வாக்காளர்களை வீட்டிலிருந்து அழைத்துவந்தார்கள், இல்லாதவர்கள் பழைய செல்வாக்கை நம்பி உட்கார்ந்திருந்தார்கள் என்பதே நடந்ததற்கு நெருக்கமான விளக்கம். பாப்ளரில் தொழிற்சங்கக் கிளைகள், சோஷலிசக் குழுக்கள், பெண்ணுரிமைக்காரர்கள், 1890களிலிருந்து துறைமுக வாசலில் ஞாயிறுதோறும் கூட்டம் போட்டுப் பழகியவர்கள் என்று முப்பதாண்டு உழைப்பு காத்துக்கிடந்தது. தேர்தல் நடந்தது ஒரு நாள். அதற்கான வேலை நடந்தது ஒரு தலைமுறை.

லண்டன் நெடுகிலும் இதே காற்று வீசியது. முன்பு ஐம்பது இடங்கள்கூட இல்லாத தொழிற்கட்சிக்கு இந்த முறை 570க்கு மேல். பக்கத்து ஸ்டெப்னி பரோவிலும் ஆட்சி மாறியது. அங்கே மேயராக அழைத்து உட்காரவைக்கப்பட்ட போர்வீரர் கிளமென்ட் அட்லி. இந்தியாவுக்கு விடுதலை கொடுத்த பிரதமராக உலகம் பின்னாளில் அறிந்த அதே அட்லிதான்.

* * *

மன்றத்துக்குள் வந்தவர்கள்

புதிய மன்றம் லான்ஸ்பரியை மேயராகத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு அப்போது அறுபது வயது. அகன்ற உடல், கன்னங்களில் இறங்கிய கிருதா, ஊர் முழுவதும் கேட்கும் குரல். ‘டெய்லி ஹெரால்டு’ பத்திரிகையின் ஆசிரியர். பெண்களின் வாக்குரிமைக்காக 1912இல் தம் நாடாளுமன்ற இடத்தையே உதறி, இடைத்தேர்தலில் நின்று தோற்றவர். அடுத்த ஆண்டு அதே காரணத்துக்காகச் சிறைக்கும் போனவர். போ சாலையில் 39ஆம் எண் வீடு அவருடையது; உதவி கேட்டு வருபவர்களுக்கு அந்தக் கதவு மூடியிருந்ததில்லை.

சாம் மார்ச், வண்டியோட்டிகளின் சங்கத் தலைவர். சார்லி சம்னர், தொழிற்சங்கத்திலேயே வளர்ந்தவர். ஜூலியா ஸ்கர், 1907 முதல் நிவாரண வாரியத்தில் இருந்தவர். 1914 ஜூனில் கிழக்கு லண்டன் பெண்களின் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கிப் பிரதமர் ஆஸ்குவித்தை நேருக்கு நேர் சந்தித்தவர். அவர் கணவர் ஜான் ஸ்கரும் மன்றத்தில் இருந்தார். நெல்லி கிரெசால், சலவைத் தொழிற்கூடத்தில் வேலை பார்த்தவர்.

மின்னி லான்ஸ்பரி தனித்துச் சொல்லத் தக்கவர். யூதக் குடியேறிக் குடும்பத்தின் மகள், பள்ளி ஆசிரியை, லான்ஸ்பரியின் மகன் எட்கரின் மனைவி. போரில் ஆண்களை இழந்த குடும்பங்களுக்கு ஓய்வூதியம் வாங்கித்தரும் வேலையில் தன்னை முழுவதுமாகக் கரைத்துக்கொண்டவர். மன்றத்துக்குள் வந்தபோது அவருக்கு முப்பது வயது.

இவர்களிடையே வேறு உலகத்திலிருந்து வந்தவர் சூசன் லாரன்ஸ். வசதியான வழக்கறிஞர் குடும்பம், கேம்பிரிட்ஜ் படிப்பு. லண்டன் கவுண்டி கவுன்சிலுக்குள் அவர் 1910இல் நுழைந்தது கன்சர்வேட்டிவ் கட்சியில். பள்ளிகளைத் துடைத்துப் பெருக்கும் பெண்களுக்குக் கொடுத்த கூலியைக் கண்டு மனம் பொறுக்காமல் கட்சியையே மாற்றிக்கொண்டார்; 1913இல் பாப்ளரிலிருந்து தொழிற்கட்சி உறுப்பினராக அதே கவுன்சிலுக்குத் திரும்பினார். கணக்கில் புலி. ஒற்றைக் கண் கண்ணாடியோடு அவர் வரிக் கணக்கைப் பிரித்துப் பேசத் தொடங்கினால் எதிர்த்தரப்பு அதிகாரிகளே கவனமாகக் கேட்டார்கள்.

பரோ மன்றத்துக்கு மேயரையும் 42 கவுன்சிலர்களையும் தவிர 7 ஆல்டர்மன்கள் உண்டு. இவர்களை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் தேர்ந்தெடுக்கும். சூசன் லாரன்ஸும் மின்னி லான்ஸ்பரியும் ஜான் ஸ்கரும் அவ்வழியில் வந்தவர்கள்.

* * *

நான்கு பவுண்டு

ஆட்சி மாறியதன் அடையாளம் முதலில் தெருவில் தெரிந்தது. சுகாதார ஆய்வாளர்கள் வாடகை வீடுகளுக்குள் போனார்கள். ஒழுகும் கூரையையும் அடைத்துக்கொண்ட சாக்கடையையும் சரிசெய்யும்படி வீட்டு உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் போனது. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பால் கொடுத்தார்கள். காசநோய் மருத்துவ வசதியை விரித்தார்கள். நூலகங்களுக்கும் குளியல் நிலையங்களுக்கும் பணம் ஒதுக்கினார்கள். வீட்டுக்குள் குளியலறை இல்லாத ஊரில் குளியல் நிலையம் ஆடம்பரம் ஆகாது. 1919இன் வீட்டுவசதிச் சட்டத்தைப் பயன்படுத்தி ஐல் ஆஃப் டாக்ஸ் பகுதியில் சேப்பல் ஹவுஸ் தெருவை ஒட்டிப் புது வீடுகள் எழும்பின.

இவற்றில் பெரும்பாலானவை எந்த நல்ல மன்றமும் செய்யக்கூடியவை. பாப்ளரைத் தனியே நிறுத்தியது 1920இல் எடுத்த ஊதிய முடிவு.

மன்றத்தின் ஊழியர் எவருக்கும் வாரத்துக்கு நான்கு பவுண்டுக்குக் குறைந்த கூலி இல்லை. ஆணுக்கும் அதே கூலி, பெண்ணுக்கும் அதே கூலி.

முதல் வாக்கியத்தைவிட இரண்டாவதுதான் அன்றைய இங்கிலாந்தைத் திடுக்கிட வைத்தது. ஆணின் கூலி ஒரு குடும்பத்துக்கு, பெண்ணின் கூலி கைச்செலவுக்கு என்பது முதலாளிகளோடு பல தொழிற்சங்கங்களும் ஏற்றுக்கொண்ட எண்ணம். பாப்ளரின் பெண் கவுன்சிலர்களுக்கு அந்த எண்ணத்தின் விலை தெரியும். குளியல் நிலையத்தைத் துடைக்கும் விதவைக்கும் அதே வாடகை, அதே ரொட்டி விலை. அந்தப் பெண்களுக்குக் கிடைத்த உயர்வு ஆண்களுடையதைவிட மிகப் பெரிது. இந்த நான்கு பவுண்டு பின்னாளில் நாட்டின் உச்ச நீதி பீடம் வரை போகும். அது பிறகு வரும் பகுதிக்கு உரியது.

அந்த வசந்த காலத்தில் பாப்ளர் இன்னொரு காரணத்துக்காகவும் பேசப்பட்டது. 1920 மே மாதம் கிழக்கிந்தியத் துறைமுகத்தில் ‘ஜாலி ஜார்ஜ்’ என்ற கப்பல் நின்றது. சோவியத் ரஷ்யாவோடு போரிட்ட போலந்துக்குப் போகவேண்டிய ஆயுதங்கள் என்று தெரிந்ததும் தொழிலாளர்கள் சரக்கை ஏற்ற மறுத்துவிட்டார்கள். கப்பல் அவற்றை ஏற்றாமலே போனது. சட்டம் சொல்வதைச் செய்ய மறுத்தால் அரசு இறங்கிவரவும் கூடும் என்ற பாடம் அந்த ஊரின் காதில் விழுந்தது.

* * *

சரிவு

1920இன் பிற்பகுதியில் போருக்குப் பிந்தைய செழிப்பு திடீரென்று அறுந்தது. கப்பல் வரத்து சுருங்கியது. துறைமுக வாசலில் காலையில் நின்ற கூட்டம் பெருத்தது, உள்ளே அழைக்கப்பட்டவர்கள் குறைந்தார்கள். அக்டோபர் 18 அன்று லண்டனின் தொழிற்கட்சி மேயர்கள் லான்ஸ்பரியின் தலைமையில் பிரதமர் லாயிட் ஜார்ஜைப் பார்க்கப் போனார்கள். உள்ளே மேயர்கள் பேசிக்கொண்டிருக்க, வெளியே ஒயிட்ஹாலில் வேலையற்றோர் ஊர்வலத்தின்மீது போலீஸ் தடியடி நடந்தது.

நவம்பரில் புதிய வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆணுக்கு வாரம் 15 ஷில்லிங், பெண்ணுக்கு 12. அதுவும் சில வாரங்களுக்குத்தான். அது தீர்ந்தபின் போக ஒரே கதவு, நிவாரண வாரியத்தின் கதவு. அதே மாதம் லான்ஸ்பரியின் மேயர் காலம் முடிந்து, சாம் மார்ச் அந்த இடத்துக்கு வந்தார். மேயரின் சங்கிலி கைமாறியது, சுமை ஏறிக்கொண்டே இருந்தது.

* * *

ஒரு பென்னிக் கணக்கு

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்த்தாக வேண்டும். பாப்ளரின் கதை முழுவதும் இந்தக் கணக்கில்தான் முடிச்சிட்டிருக்கிறது.

உள்ளாட்சியின் வருமானம் கட்டட வரி. ஒரு கட்டடம் ஆண்டுக்கு எவ்வளவு வாடகை பெறும் என்று மதிப்பிட்டு, அந்த மதிப்பில் பவுண்டுக்கு இத்தனை பென்னி என்று வரி விதிப்பார்கள். லண்டனின் மேற்கே, வெஸ்ட்மின்ஸ்டரில், பவுண்டுக்கு ஒரு பென்னி வரி போட்டால் சுமார் 31,700 பவுண்டு வசூலாகும். பாப்ளரில் அதே ஒரு பென்னி போட்டால் வருவது சுமார் 3,600 பவுண்டு. அங்கே மாளிகைகளும் பெரிய கடைகளும் ஹோட்டல்களும். இங்கே சந்து வீடுகள்.

வரவு ஒன்பதில் ஒன்று. செலவோ தலைகீழ். வெஸ்ட்மின்ஸ்டரில் நிவாரணம் கேட்பவர் சிலர், பாப்ளரில் தெருவுக்குத் தெரு. ஒவ்வொரு பகுதியும் தன் ஏழைகளைத் தானே தாங்கவேண்டும் என்பது சட்டம். ஏழைகளுக்கான செலவை ஏழைகளிடமே வசூலிக்கும் ஏற்பாடு இது. மேற்கின் செல்வத்தில் பெரும்பங்கு கிழக்கின் துறைமுகங்கள் வழியாக வந்தது என்பதற்கு அந்தக் கணக்கில் ஒரு பத்திகூட இல்லை.

ஒரு விதிவிலக்கு இருந்தது, அது நிலைமையை இன்னும் கோணலாக்கியது. 1867இல் லண்டன் முழுவதற்கும் ஒரு பொதுநிதி ஏற்பட்டது. ஏழையை விடுதிக்குள் அடைத்து வைத்தால் அந்தச் செலவில் ஒரு பங்கு பொதுநிதியிலிருந்து வரும். அவனை அவன் வீட்டிலேயே குடும்பத்தோடு இருக்கவிட்டு உதவினால் ஒரு காசு வராது. குடும்பத்தைப் பிரித்துச் சுவருக்குள் வைக்கும் நிர்வாகத்துக்குப் பரிசு, சேர்த்து வைக்கும் நிர்வாகத்துக்குத் தண்டனை. பாப்ளரின் நிவாரண வாரியத்தில் லான்ஸ்பரி போன்றவர்கள் தெரிந்தே அந்தத் தண்டனையை ஏற்று, வீட்டில் வைத்தே உதவினார்கள். வேலையின்மை பெருகியபோது அந்தச் செலவு கரையை உடைத்தது.

இதற்கு மேல் இன்னொரு பாரம். பரோ மன்றம் தனக்காக மட்டும் வரி வசூலிப்பதில்லை. லண்டன் கவுண்டி கவுன்சில், பெருநகரப் போலீஸ், தொற்றுநோய் மருத்துவமனைகளை நடத்திய பெருநகர வாரியம், குடிநீர் வாரியம் ஆகிய நான்கும் தங்களுக்கு வேண்டிய தொகையைச் சொல்லியனுப்பும். பரோ மன்றம் அதைத் தன் மக்களிடம் வசூலித்துக் கட்டவேண்டும். பாப்ளர் மக்களின் கண்ணுக்கு வரி ரசீது ஒன்றே. திட்டு விழுவதும் பாப்ளர் மன்றத்துக்கே.

1919இல் வாக்குப்பெட்டி மாற்றியது மன்றத்தின் ஆட்களை. இந்தக் கணக்கை அது தொடவில்லை, தொடும் அதிகாரமும் அதற்கு இல்லை. அது நாடாளுமன்றத்தின் கையில் இருந்தது. லண்டனின் செல்வப் பகுதிகளும் ஏழைப் பகுதிகளும் சுமையைப் பகிரவேண்டும் என்று பல ஆண்டுகளாக மனுக்கள் போயின, குழுக்கள் போயின, தீர்மானங்கள் போயின. ஒன்றும் திரும்பி வரவில்லை.

* * *

1921 மார்ச் 22

ஏப்ரலில் தொடங்கும் காலாண்டுக்கு வரி நிர்ணயிக்க மன்றம் கூடியது. முன்னால் இரண்டு வழிகள் இருந்தன.

வரியை இன்னும் ஏற்றலாம். வேலையிழந்தவனின் வீட்டு வாடகையோடு அது சேரும். மன்றத்தால் காப்பாற்றப்பட வேண்டியவனே மன்றத்துக்குக் கடன்காரன் ஆவான்.

அல்லது செலவைக் குறைக்கலாம். பாலை நிறுத்தலாம், நான்கு பவுண்டை வெட்டலாம், நிவாரணம் கேட்டு வருபவர்களை விடுதிக்கு அனுப்பலாம். பழைய மன்றம் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருக்கும். அப்படியானால் 39 பேரைத் தேர்ந்தெடுத்ததற்குப் பொருள் இல்லை.

பாப்ளர் மூன்றாவது வழியை எடுத்தது. தன் செலவுக்கும் தன் ஏழைகளின் நிவாரணத்துக்கும் வேண்டிய வரியை மட்டும் விதிப்பது. கவுண்டி கவுன்சில், போலீஸ், மருத்துவமனை வாரியம், குடிநீர் வாரியம் கேட்ட தொகைக்கு வரி போடாமல் விட்டுவிடுவது. 1921 மார்ச் 22 அன்று மன்றம் அப்படியே தீர்மானித்தது.

இதில் நுட்பம் ஒன்று உண்டு. பாப்ளர் ஏழைகளுக்குக் கொடுப்பதைக் குறைத்திருந்தால் எந்த அதிகாரமும் கேள்வி கேட்டிருக்காது. பட்டினிக்கு வழக்குத் தொடுக்க ஆள் இல்லை. கவுண்டி கவுன்சிலின் பணத்தை நிறுத்தினால் லண்டன் முழுவதும் திரும்பிப் பார்க்கும். வலி எங்கே இருந்ததோ அங்கிருந்து அதிகாரம் இருந்த இடத்துக்கு அதை நகர்த்தினார்கள். இருபத்தெட்டு பரோக்களின் பொதுச் சிக்கல் ஒரே பரோவின் தீர்மானத்தில் வந்து நின்றது.

அந்த முடிவு சட்டத்துக்கு முரண் என்பது கவுன்சிலர்களுக்குத் தெரியும். அவர்கள் அறியாமல் வழுக்கி விழவில்லை. வரி விதிக்கும் கடமையைச் செய்யுமாறு உயர் நீதிமன்றம் ஆணையிடலாம். ஆணையை மீறினால் நீதிமன்ற அவமதிப்பு. அதற்குரிய சிறைக்கு இத்தனை நாள் என்ற கணக்குக் கிடையாது. பணிந்து வரும்வரை உள்ளே இருக்க வேண்டியதுதான். தண்டனை மன்றம் என்ற அமைப்புக்கு வராது, கை தூக்கிய ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியே வரும். வாரக் கூலிக்காரனுக்கு வேலை போகும். பிள்ளைகுட்டிகள் உள்ள பெண்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. லண்டன் தொழிற்கட்சியின் செயலாளர் ஹெர்பர்ட் மாரிசன், அப்போது பக்கத்து ஹாக்னி பரோவின் மேயர். ஆளத் தெரிந்த கட்சி என்று நடுத்தர மக்களிடம் பெயர் வாங்க வேண்டிய நேரத்தில், வரி கட்ட மறுக்கும் கட்சி என்ற பெயர் வாங்கித் தருகிறது பாப்ளர் என்பது அவர் கவலை. அது அற்பமான கவலை அல்ல. ஒரு தேர்தலில் வந்தவர்கள் அடுத்த தேர்தலையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் மாரிசனின் வழியில் காத்திருக்கப் பாப்ளரின் நிவாரண வரிசையில் நின்றவர்களுக்கு நேரம் இல்லை.

இந்த ஊரின் பொறுமையையும் பிடிவாதத்தையும் பத்தாண்டு கழித்து ஓர் இந்தியர் நேரில் பார்த்தார். 1931இல் வட்டமேசை மாநாட்டுக்கு வந்த காந்தி தங்கியது இதே பரோவின் கிங்ஸ்லி ஹாலில். அந்த இல்லத்தை நிறுவிய மியூரியல் லெஸ்டர், லான்ஸ்பரியின் நண்பர்களோடு சேர்ந்து பாப்ளர் மன்றத்தில் பணியாற்றியவர்.

1921 மார்ச் மாத இறுதியில் அதெல்லாம் தொலைவில் இருந்தது. தீர்மானம் நிறைவேறிவிட்டது. வரி நோட்டீஸ் குறைந்த தொகையோடு வீடு வீடாகப் போனது. நியூபி பிளேஸில் இருந்த பாப்ளர் நகர மண்டபத்துக்கும் ஸ்பிரிங் கார்டன்ஸில் இருந்த கவுண்டி கவுன்சிலுக்கும் இடையே கடிதங்கள் பறக்கத் தொடங்கின. ஸ்டெப்னியும் பெத்னல் கிரீனும் பாப்ளரைப் பின்தொடராமல், எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

நீதிமன்றத்தின் ஆணை வரும் என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை. மன்ற அறையில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து கை தூக்குவது ஒன்று. தனித்தனியே பெயர் சொல்லி அழைக்கும் நாளில், வீட்டு வாசலில் போலீஸ் வந்து நிற்கும்போது, அந்தக் கை இறங்காமல் இருப்பது வேறொன்று. அந்த நாளில் பாப்ளரின் கவுன்சிலர்களில் எத்தனை பேர் நிற்பார்கள்?

(தொடரும்)